புது எஃப்சி போட்ட பழைய வண்டி: தோவாளைப் பூ வியாபாரி ஒருவருக்காக மூன்று வேன்களைப் பார்த்த நிகழ்வு ஆய்வு

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய சரக்கு வேன் விற்கிறவர்கள் விலையைச் சொல்வதற்கு முன்னால் சொல்வது, "எஃப்சி இப்பந்தான் முடிஞ்சிருக்கு" என்பதை. எஃப்சி என்றால் வண்டியைச் சோதித்து அரசு கொடுக்கும் தகுதிச் சான்று; அதைப் புதிதாக எடுத்தாகிவிட்டது என்கிறார்கள். கேட்டதும் வாங்க வந்தவருக்குப் பாதி மனசு சமாதானமாகிவிடும். அரசாங்கத்து ஆளே பார்த்து நன்றாயிருக்கிறது என்று எழுதிக்கொடுத்த வண்டி, இனி என்ன கவலை என்று தோன்றுவது இயல்புதான். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைத்தான் இந்த நிகழ்வில் பார்க்கிறோம். நான் தக்கலைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கணக்கு எழுதுகிறேன். எஃப்சிக்குப் போகும் வண்டிகளுக்கு என்ன வேலை செய்தோம், வழியில் நின்று கட்டி இழுத்து வந்த வண்டிகளுக்கு என்ன வேலை செய்தோம் என்று இரண்டும் என் நோட்டு வழியாகத்தான் போகும். அதனால் இந்த விஷயத்தில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு.

2024 ஆனி மாதத்தில் தோவாளையைச் சேர்ந்த பூ வியாபாரி ஒருவர் வந்தார். அண்ணாச்சி என்றே எழுதுகிறேன். அதுவரை வாடகை வண்டியில்தான் திருவனந்தபுரத்துக்குப் பூ அனுப்பிக்கொண்டிருந்தார். ஓணம் வருவதற்குள் சொந்த வண்டி வேண்டும், மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறேன், எது என்று நீங்கள் சொல்லுங்கள் என்றார். கையில் இரண்டரை லட்சம் வரை இருந்தது.

வண்டிக்கு என்ன வேலை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொண்டோம். தோவாளையிலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை வழியாக ஏறக்குறைய 80 கி.மீ. சரக்கு கனமில்லை. மல்லிகையும் பிச்சியும் அரளியும் மூட்டைக்கணக்கில் ஏறினாலும் டாட்டா ஏஸ் மாதிரி சின்ன வண்டிக்கே அது பெரிய பாரமில்லை. ஆனால் நேரம் முக்கியம். விடிவதற்குள் சந்தையில் பூ இறங்க வேண்டும். வண்டி நெய்யாற்றின்கரையில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டால் பூவுக்கு ஒன்றும் ஆகாது, விலைதான் விழுந்துவிடும். ஓணக்காலத்தில் அத்தப்பூவுக்கு, அதாவது வாசலில் போடும் பூக்கோலத்துக்குப் போகிற சரக்கு ஒரு நாள் தவறினால் அப்புறம் குப்பைதான். ஆக இவருக்கு நம்பகமான வண்டி என்றால் ராத்திரி இரண்டு மணிக்குச் சாவி போட்டால் கிளம்ப வேண்டும், வழியில் நிற்கக் கூடாது. அவ்வளவுதான்.

சட்டப்படி பார்த்தால், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. ஏஸ் அந்த வரம்புக்குள் சுலபமாக அடங்கும். எஃப்சி அப்படியல்ல. 56-ஆம் பிரிவு, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வண்டியை (வாடகைக்கோ சரக்குக்கோ ஓடுகிற வண்டியை) முறையாகப் பதிவான வண்டியாகவே கருதாது. எஃப்சி தீர்ந்த நிலையில் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொள்ளும் முதல் காரணமும் அதுவே. அதனால் எஃப்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அதை வைத்து வண்டியின் குணத்தை எடை போடலாமா என்பதே கேள்வி.

எஃப்சி எத்தனை நாளைக்கு

புதிய போக்குவரத்து வண்டிக்கு முதல் எஃப்சி இரண்டு ஆண்டு செல்லும். அதன் பிறகு வருடா வருடம் என்றிருந்த விதியை 2018 நவம்பரில் மாற்றினார்கள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, எட்டு தாண்டினால் வருடா வருடம். இது தெரிந்தால்தான் பழைய தாள்களில் இருக்கும் தேதிகளைச் சரியாகப் படிக்க முடியும். இன்னொன்றும் உண்டு. கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 1-க்குப் பிறகு தீர்ந்த எஃப்சி, ஆர்சி, லைசென்ஸ் எல்லாவற்றையும் 2021 அக்டோபர் 31 வரை செல்லும் என்று மத்திய அரசு நீட்டித்துக்கொண்டே போனது. அந்தக் காலத்தில் ஒரு வண்டியின் எஃப்சித் தேதிகளுக்கு நடுவே எட்டு மாத இடைவெளி தெரிந்தால், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அலைபேசியில் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்சி எந்தத் தேதி வரை என்று காட்டும். அவ்வளவுதான் காட்டும். முதல் முறை காட்டியபோது பாஸ் ஆனதா, திருப்பி அனுப்பினார்களா, எதற்காக அனுப்பினார்கள் என்ற விவரம் வாங்குகிறவன் கண்ணுக்கு வராது.

பிரிட்டனில் இது வேறு மாதிரி. அங்கே வருடாந்தர சோதனைக்கு எம்ஓடி என்று பெயர். ஒரு வண்டியின் பதிவு எண்ணைத் தட்டினால் அந்த வண்டி எந்தெந்த வருடம் பாஸ், எந்த வருடம் ஃபெயில், எதனால் ஃபெயில், அன்றைக்கு கிலோமீட்டர் மீட்டரில் என்ன இருந்தது, 'இப்போதைக்கு ஓடும், ஆனால் இதைக் கவனி' என்று சோதித்தவர் எழுதிய குறிப்பு என்ன, எல்லாம் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். 2018 மே மாதத்திலிருந்து குறைகளைச் சிறியது, பெரியது, ஆபத்தானது என்று பிரித்தும் எழுதுகிறார்கள். ஜெர்மனியில் டியூவி என்னும் வண்டிச் சோதனை அமைப்புகள் எந்த மாடல் எந்த வயதில் எத்தனை சதவீதம் தேறவில்லை என்று பட்டியலே வெளியிடுகின்றன. பழைய வேன் வாங்குகிறவர்கள் அதை வைத்து மாடலைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த பாஸ், ஃபெயில் கணக்குகளிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பிரிட்டனில் வண்டிகள் அதிகம் தோற்பது விளக்குகளில். அப்புறம் சஸ்பென்ஷன், பிரேக், டயர். எரிந்துபோன ஒரு பல்பும் ஃபெயில்தான், அரித்துப்போன சேஸும் (வண்டியின் அடிச்சட்டம்) ஃபெயில்தான். சரக்கு வேன்கள் கார்களைவிட அதிகம் ஓடுகின்றன, அதிகம் சுமக்கின்றன, பல கைகளில் ஓடுகின்றன. மாடலைக் குறை சொல்வதா, ஓட்டினவரைக் குறை சொல்வதா என்று சதவீதத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அவர்களுக்குப் படிக்க ஒரு வரலாறு இருக்கிறது. நம்மிடம் இருப்பது ஒரு தேதி. மற்றதை வண்டிக்காரரின் பிளாஸ்டிக் கவரிலிருந்தும் வண்டியின் அடியிலிருந்தும்தான் எடுக்க வேண்டும்.

முதல் வண்டி

டிஎன்-75 பதிவு, 2014 ஜூன் மாதத்து ஏஸ். குளச்சல் பக்கம் மீன் ஏற்றின வண்டி. மூன்றிலும் இதற்குத்தான் விலை அதிகம். காரணம், 2024 மே மாதம் போட்ட புது எஃப்சி. பெயிண்ட் பளபளப்பு. புது ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், புது டெயில் லைட் கண்ணாடி, சரக்கு ஏற்றும் தொட்டியில் புது செக்கர்டு தகடு. புரோக்கர் சொன்னார்: "அண்ணாச்சி, ஒரு வருசத்துக்கு நீங்க ஆர்டிஓ ஆபீசு பக்கமே போவண்டாம். வண்டிக்க கண்டிஷன் பாத்தீளா, புதுசு மாதிரி இருக்கு."

தேதிகளை எடுத்து வரிசையாக எழுதினேன். 2019 ஜூனில் போட்டது 2021 ஜூனில் தீர்ந்திருக்கிறது. 2021 அக்டோபரில் மறுபடி போட்டிருக்கிறார்கள். நடுவில் இருக்கும் நாலு மாதம் கொரோனா நீட்டிப்புக்குள் வந்துவிடுகிறது, பிரச்சினையில்லை. அடுத்து 2023 அக்டோபரில் தீர்ந்தது. அப்புறம் 2024 மே மாதம்தான் போட்டிருக்கிறார்கள். ஏழு மாதம் வெற்றிடம். இதற்குக் கொரோனாவைக் காரணம் சொல்ல முடியாது.

புரோக்கரிடம் கேட்டதற்கு, சும்மா நின்றது என்றார். நின்றிருந்தால் ஒரு பிரச்சினை, ஓடியிருந்தால் வேறு பிரச்சினை. எஃப்சி இல்லாமல் ஏழு மாதம் ஓடியிருந்தால், அந்த ஓனர் மற்ற விஷயங்களிலும் வண்டியை அப்படித்தான் வைத்திருப்பார். உண்மையிலேயே நின்றிருந்தால், மீன் ஏற்றின வண்டி கழுவாமல் கடற்கரையில் நின்றது என்று அர்த்தம். அது ஓடுவதைவிட மோசம்.

மீன் வண்டியின் வியாதி எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் தெரியும். பெட்டியில் போட்ட ஐஸ் உருகி, உப்பும் மீன் கழிவும் கலந்த தண்ணீர் தொட்டியின் இடுக்கு வழியாக வழிந்துகொண்டே இருக்கும். அது நேரே விழுவது பின்பக்கச் சேஸ் குறுக்குச் சட்டத்திலும், ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டிலும், பின் பிரேக்குக்குப் போகிற இரும்புக் குழாயிலும், ஹேண்ட் பிரேக் கேபிளிலும். உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தகடும் தகடும் சேரும் இடத்தில் ஒரு முறை புகுந்தால் வெயில் அடித்தாலும் காயாது. குளிர்நாடுகளில் பனி உறையாமலிருக்க ரோட்டில் உப்புப் போடுவதால் வண்டிகள் அடியிலிருந்து அரிக்கின்றன என்று படித்திருப்போம். இங்கே வண்டி தன் உப்பைத் தானே சுமந்துகொண்டு போகிறது. மேலே கடற்காற்று வேறு. வருடத்தில் ஜூனிலிருந்து ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொரு மழை என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. காய்வதற்கு எப்போது நேரம்?

வண்டியை ரேம்பில் ஏற்றிப் பார்த்தோம். சேஸ் முழுக்கப் புதுக் கறுப்புப் பெயிண்ட், பிரேக் குழாய் மேலேயும் அதே பெயிண்ட். எஃப்சிக்கு முன் பெயிண்ட் அடிப்பது ஊரெல்லாம் நடக்கிற வழக்கம்தான், அதற்காக யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. ஆனால் பத்து வயது வண்டியின் அடிப்பாகம் மட்டும் தொட்டால் வழுக்கும் அளவுக்குத் தடித்த பெயிண்ட் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். எங்கள் மேஸ்திரி ஸ்பேனரால் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இரும்பு 'டிங்' என்று சத்தம் கொடுக்கும். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் 'டப்' என்றது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினார், உள்ளே போய்விட்டது. தொட்டியின் புதுத் தகட்டைக் கீழேயிருந்து பார்த்தால் அரித்த பழைய தகட்டின் மேலேயே அதை வைத்து ஒட்டியிருந்தது தெரிந்தது. டயர் நாலில் இரண்டு புதுசு மாதிரி இருந்தன. பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தால் டயர் எந்த வாரம், எந்த வருடம் செய்தது என்று தெரியும். ஒரே வண்டியில் நாலு டயருக்கும் நாலு வெவ்வேறு வருடம். எஃப்சிக்காக எங்கிருந்தோ சேர்த்து மாட்டியவை என்று என் அனுமானம்.

எஞ்சின் மட்டும் நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். 702 சிசி, இரண்டு சிலிண்டர் டீசல். சத்தம் சீராக இருந்தது, புகை அதிகமில்லை. எஞ்சினை மட்டும் பார்த்து வாங்குகிற ஆள் இந்த வண்டியைத்தான் வாங்கியிருப்பார்.

இரும்பு அரித்துப்போன வண்டியை நாங்கள் வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் செலவு மட்டுமல்ல. கிளட்ச் தேய்ந்தால் புதுக் கிளட்ச் போடலாம். சேஸ் அரித்தால் வெல்டிங் வைக்கலாம், ஆனால் வெல்டிங் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் மறுபடி அரிக்கும். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி விழுந்து இறந்தது தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது. அந்தப் பேருந்துக்கும் எஃப்சி இருந்தது. அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் அதே ஆண்டில் வந்தன. இப்போது பள்ளி திறப்பதற்கு முன்னால் கோடை விடுமுறையில் எல்லாப் பள்ளி வண்டிகளையும் மைதானத்தில் நிறுத்தித் தளம், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்று தனியாகச் சோதிக்கிறார்கள். சரக்கு வண்டிக்கு அப்படி இரண்டாம் சோதனை கிடையாது.

இரண்டாவது வண்டி

டிஎன்-75-தான் இதுவும். 2015 பிப்ரவரி மாதத்து ஏஸ். குலசேகரம் பக்கம் ரப்பர் ஷீட்டும் சில நேரம் கேனில் ரப்பர் பாலும் ஏற்றின வண்டி. பார்க்கவே சகிக்காது. பக்கவாட்டில் ஒடுக்கு, தொட்டியெல்லாம் காய்ந்த பால் ஒட்டிக் கறுத்துப் போயிருந்தது. ஹெட்லைட் கண்ணாடி மங்கல். அண்ணாச்சி அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இதுல பூ கொண்டுபோனா சாலைக் கடைக்காரன் சிரிப்பான்" என்றார். சாலை என்பது திருவனந்தபுரத்துச் சந்தை.

இந்த வண்டியின் ஓனரிடம் ஒரு கவர் இருந்தது. முதல் எஃப்சியிலிருந்து எல்லாத் தாளும், ஒவ்வொன்றோடும் அந்த வாரத்தில் செய்த வேலையின் பில்லும் அதில் இருந்தன. எழுத்து மங்கியவை, எண்ணெய்க் கறை படிந்தவை, எல்லாம் சேர்த்துத்தான். நான் உட்கார்ந்து படித்தது அதைத்தான், வண்டியைக்கூட அப்புறம்தான் பார்த்தேன். 2015-17, 2017-18, 2018-19, 2019-21. அந்தக் கடைசி எஃப்சி 2021 பிப்ரவரியில் தீர்ந்து, அக்டோபர் கடைசியில் போட்டிருக்கிறார்கள், நீட்டிப்புக்குள்ளேயே. பிறகு 2023 அக்டோபர். அப்போது வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டதால் ஒரு வருடம்தான், 2024 அக்டோபர் வரை. விளக்கம் சொல்ல முடியாத இடைவெளி எங்கேயும் இல்லை.

பில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. கிட்டத்தட்ட ஒவ்வொரு எஃப்சிக்கும் பிரேக் லைனிங் மாற்றியிருக்கிறார்கள். பேச்சிப்பாறை, கோதையாறு பக்கத்து இறக்கத்தில் சுமையோடு இறங்குகிற வண்டிக்கு அது நியாயமான தேய்மானம், குறை என்று சொல்ல முடியாது. ஒரு முறை கிங்பின் புஷ், அதாவது முன் சக்கரம் திரும்பும் முளையின் புஷ் மாற்றியிருக்கிறார்கள். ஸ்டியரிங்கில் 30 டிகிரிக்கு மேல் பிளே (சக்கரம் திரும்பாத வெற்று ஆட்டம்) இருக்கக் கூடாது என்பது விதி, அதற்காகச் செய்திருப்பார்கள். கிளட்ச், ரேடியேட்டர், செல்ஃப் மோட்டார் எதுவும் எஃப்சி பில்களில் இல்லை. அவற்றுக்கான பில்கள் வேறு மாதங்களில் தனியாக இருந்தன. அதாவது வண்டி நின்றபோது செய்த வேலைகள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் என் நோட்டில் நான் பல வருடமாகப் பார்த்து வருவதும் இதையேதான். எஃப்சிக்கு முந்தைய வாரம் எங்களிடம் வருகிற வேலைகள்: பல்பு, ஹெட்லைட் ஃபோகஸ், இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர், ஹார்ன், வைப்பர், பிரேக் லைனிங், டயர், புகைச் சான்று, பெயிண்ட். நடுராத்திரி தொலைபேசியில் கூப்பிட்டு, வண்டி இரணியல் பக்கம் நிற்கிறது வாங்க என்கிற வேலைகள்: பேட்டரி, செல்ஃப், ஆல்டர்னேட்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், அடைத்த டீசல் ஃபில்டர், தேய்ந்த கிளட்ச், பஞ்சர். இந்த இரண்டு பட்டியலும் சந்திப்பது டயரிலும் ஓரளவு பிரேக்கிலும்தான். காரணம் எளிது. எஃப்சியில் பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) பார்ப்பது இந்த வண்டியால் ரோட்டில் போகிற மற்றவர்களுக்கு ஆபத்து வருமா என்பதை. பேட்டரி செத்துப்போன வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை, அது வீட்டில் நிற்கும். அதைச் சோதிக்கச் சொல்லி விதியில் எங்கேயும் இல்லை. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. கிளட்ச் தகட்டுக்கு அப்படியொரு அளவு கிடையாது. பூ வியாபாரிக்கு வேண்டிய நம்பகமும் எஃப்சி சொல்லும் தகுதியும் வேறு வேறு கேள்விக்கான விடைகள்.

சரி, வண்டிக்கு வருவோம். ரேம்பில் ஏற்றியதும் அடிப்பாகம் அசிங்கமாக, ஆனால் கெட்டியாக இருந்தது. பெயிண்ட் உரிந்து மேல் துரு மட்டும். தட்டின இடமெல்லாம் நல்ல சத்தம். மலைப்பக்கத்து மழை நன்னீர் மழை, கழுவி விட்டுவிடும். ரப்பர் பாலில் கெடாமலிருக்க அமோனியா கலப்பார்கள், அது செம்புக்கும் பித்தளைக்கும் ஆகாது. எதிர்பார்த்தபடியே தொட்டிக்குக் கீழே போகிற ஒயரின் முனைகள் பச்சை பூத்திருந்தன. டெயில் லைட் சில நேரம் எரியாமல் போனதற்குக் காரணம் அதுதான். கிளட்ச் வழுக்கியது. ரேடியேட்டரில் சின்னக் கசிவு. செல்ஃப் ஒரு முறைக்கு இரண்டு முறை இழுத்தது. எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்து, இரண்டு சிலிண்டர் வண்டிக்கு இயல்பாகவே இருக்கிற அதிர்வு இரண்டு மடங்காகத் தெரிந்தது. பின் அச்சில் லேசான உறுமல் கேட்டது. ஓட்டிப் பார்த்த மேஸ்திரி, இதை இப்போது கழற்ற வேண்டாம், ஆயில் மாற்றி ஓட்டிப் பார்ப்போம் என்றார்.

இத்தனை குறை இருந்தும் இந்த வண்டியைத்தான் வாங்கச் சொன்னேன். குறைகள் எல்லாம் கழற்றி மாட்டக்கூடியவை, கடையில் கிடைப்பவை. ஏஸுக்கு மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் சாமான் கிடைக்காமல் போகாது.

மூன்றாவது வண்டி

நாகர்கோவிலில் ஒரு குடும்பம் வைத்திருந்த 2017 மாருதி ஈகோ வேன். டிஎன்-74, வெள்ளை போர்டு. மூன்றிலும் சுத்தமானது, குறைவாக ஓடினது இதுதான். பின் சீட்டைக் கழற்றிவிட்டுப் பூ ஏற்றலாம் என்பது அண்ணாச்சியின் யோசனை. மச்சான் ஒருவர் அப்படித்தான் ஓட்டுகிறாராம். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டிக்கு முதல் 15 வருடம் எஃப்சியே கிடையாது. யாரும் எந்தச் சோதனையும் செய்திராத வண்டி. அது ஒரு பக்கம் இருக்கட்டும். தினமும் வியாபாரச் சரக்கை ஏற்றிக்கொண்டு மாநில எல்லை தாண்டப் போகிறவர் வெள்ளை போர்டில் போனால் களியக்காவிளையில் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் மாட்டுவார். மாட்டின அன்றைக்குப் பூவும் மாட்டும். சரக்கு வண்டியாக மாற்றிப் பதிவு செய்வதற்கு அலைய ஓணத்துக்குள் நேரமும் இல்லை. வீட்டுக்கு என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதை வாங்கச் சொல்லியிருப்பேன்.

நெல்லை, தூத்துக்குடி எண்ணுள்ள ஒரு வண்டியும் விலை மலிவாக வந்ததாக நடுவில் சொன்னார். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற மலிவு வண்டிகளை சீட்டுக்கு அடியில் சேறு இருக்கிறதா, ஃப்யூஸ் பெட்டியில் கறை இருக்கிறதா என்று பார்க்காமல் பேரம் பேசவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதைப் போய்ப் பார்க்கவில்லை.

வாங்கியதும் அப்புறமும்

ரப்பர் வண்டிக்கு ஒன்றே முக்கால் லட்சம் கேட்டார்கள். பார்க்க அசிங்கமாக இருந்ததாலும், எஃப்சிக்கு நாலு மாதமே பாக்கி இருந்ததாலும் பேரம் பேச இடம் இருந்தது, குறைத்தார்கள். மிச்சப் பணத்தில் கிளட்ச் செட், ரேடியேட்டர், செல்ஃப் வேலை, புது பேட்டரி, மவுண்டிங் ரப்பர், பெல்ட், ஹோஸ், ஒயரிங் முனைகள் எல்லாம் செய்தோம். தொட்டியைச் சுரண்டிக் கழுவி பெயிண்ட் அடித்தார்கள். அண்ணாச்சிக்கு முன்பக்கம் ஒரு மாலை படமும் வரைய வேண்டுமென்று ஆசை. அதை அவரே பார்த்துக்கொண்டார். ஹெட்லைட் கண்ணாடியும் வைப்பரும் மாற்றிவிடலாம் என்று சொன்னேன். எஃப்சிக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்துவிட்டார்.

2024 செப்டம்பர் 15 திருவோணம். அத்தம் தொடங்கிய நாளிலிருந்து வண்டி தினமும் போய்வந்தது. ஒரு ராத்திரி களியக்காவிளை தாண்டி ஃபேன் பெல்ட் அறுந்தது. பழைய பெல்ட்டை ஸ்பேராகச் சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கச் சொல்லியிருந்ததால் டிரைவரே மாற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வேறெங்கும் நிற்கவில்லை.

அக்டோபரில் எஃப்சிக்குக் கொண்டுபோனபோது வண்டியைத் திருப்பி அனுப்பினார்கள். ஹெட்லைட் வெளிச்சம் சரியாக விழவில்லை, ஒரு பக்கம் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் உரிந்திருக்கிறது, வைப்பர் துடைக்கவில்லை. அண்ணாச்சிக்கு வந்ததே கோபம். "ஒரு நாள் நிக்காத வண்டிய ஃபெயிலுன்னு சொல்லுதான், தம்பி. நின்னு போற வண்டியெல்லாம் பாஸ் ஆயிட்டுப் போவுது" என்றார்.

அவர் சொன்னதில் பாதி எனக்கு ஒப்புதல், பாதி இல்லை. நிற்காத வண்டி எஃப்சியில் தோற்கலாம், அதைத்தான் இவ்வளவு நேரம் சொல்லி வருகிறேன். ஆனால் மங்கின ஹெட்லைட்டோடும் துடைக்காத வைப்பரோடும் தென்மேற்குப் பருவமழை பெய்த இரண்டு மாதமும் இந்த வண்டி ராத்திரி இரண்டு மணிக்கு ஹைவேயில் போயிருக்கிறது. மார்த்தாண்டத்தில் அந்த நேரத்தில் ரோட்டைக் கடக்கிற ஆளைப் பற்றி அண்ணாச்சி யோசிக்கவில்லை, எஃப்சி யோசித்தது. இந்த விஷயத்தில் நான் இன்ஸ்பெக்டர் பக்கம். மூன்று குறையையும் சரிசெய்து மறுபடி காட்டியதும் பாஸ் ஆனது.

குளச்சல் வண்டியை மேற்கே யாரோ வாங்கிவிட்டார்கள். 2025 தை மாதத்தில் அது எங்கள் பக்கத்து டிங்கரிங் பட்டறையில் நின்றது. பின்பக்கப் பட்டை பிராக்கெட் சேஸிலிருந்து பிய்ந்துகொண்டு வந்திருந்தது. குறுக்குச் சட்டத்தை முழுசாக வெட்டியெடுத்து வேறு வைத்துக்கொண்டிருந்தார்கள். எஃப்சி அப்போதும் செல்லுபடியில்தான் இருந்தது. புரோக்கரை வழியில் பார்த்து இதைச் சொன்னால், "எஃப்சி இருக்குல்லா, நாம என்ன பொய்யா சொன்னோம்" என்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை என்பதும் உண்மைதான்.

அண்ணாச்சியின் வண்டிக்கு 2030 பிப்ரவரியில் 15 வயது ஆகிறது. 2022 ஏப்ரல் முதல் 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு எஃப்சிக் கட்டணத்தைப் பல மடங்கு ஏற்றிவிட்டார்கள். அதற்கு முன்பே விற்றுவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. விற்கும்போது பழைய ஓனர் கொடுத்த கவரோடு நம் பில்களையும் சேர்த்து வாங்குகிறவரிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்தக் கவருக்குத் தனியாக ஐயாயிரம் ரூபாய் கேட்கப் போவதாகச் சொல்கிறார்.